எல்லோரும் பேசிய கூட்டம்

அந்த மின்விசிறியைக் கொஞ்சம் நிறுத்தச் சொல்ல முடியுமா, இன்ஸ்பெக்டர் மெஹபூப் அலி சார்? வியர்த்தால் பரவாயில்லை. விசிறி ஓடும்போது பேசினால் எதிரில் இருப்பவருக்குப் பாதி வார்த்தை காதில் விழாது என்பது என் அனுபவம். எங்கள் ஆபீஸில் கூட்டம் தொடங்குமுன் நான் செய்யும் முதல் வேலை விசிறியை அணைப்பதுதான். மேசைமேல் இருக்கும் ஸ்பீக்கர் போன், மனிதக் குரலைக் கோட்டை விட்டுவிட்டு விசிறிச் சத்தத்தை மட்டும் பத்திரமாக அமெரிக்காவுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும். நன்றி. இப்போது நிதானமாகச் சொல்கிறேன்.

எங்கள் ஆபீஸில் வேலை செய்யும் ஜஹனாரா உங்களிடம் ஒரு சிவப்பு விளக்கைப் பற்றிச் சொல்லியிருக்கிறாள். அவள் சொன்னது பொய் இல்லை. ஆனால் விளக்கிலிருந்து ஆரம்பித்தால் உங்களுக்கு நான் கெட்டவனாகத் தெரிவேன். ஆரம்பத்திலிருந்து வருகிறேன்.

என் பெயர் ஸ்ரீனிவாசராகவன். மயிலாப்பூரில் தெப்பக்குளத்துக்குப் பின்னால் வீடு. அரசாங்க நிறுவனம் ஒன்றில் தரக்கட்டுப்பாட்டு அதிகாரியாக இருந்து, விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு, நந்தனத்தில் கருணாகரன் நடத்தும் கம்ப்யூட்டர் கம்பெனியில் சேர்ந்தேன். கம்ப்யூட்டரைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. அதற்காக என்னை யாரும் எடுக்கவுமில்லை. இரண்டாயிரமாவது வருஷம் பிறந்தால், அமெரிக்காவில் ஓர் இன்ஷூரன்ஸ் கம்பெனியின் பழைய கம்ப்யூட்டர்கள் அதை ஆயிரத்துத் தொள்ளாயிரம் என்று நினைத்துக்கொண்டு தாறுமாறாகக் கணக்குப் போடுமாம். அப்படி ஆகாமல் இப்போதே புரோகிராம்களைத் திருத்திக் கொடுப்பது எங்கள் பிழைப்பு. எழுதுகிறவர்கள் நந்தனத்தில். எழுதியதை வாங்கி அங்கே கம்ப்யூட்டரில் ஏற்றுகிறவர்கள் நியூ ஜெர்ஸியில். அந்தப் பக்கத்துக்குத் தலைவன் பரத்வாஜ், நம் ஊர்த் தமிழ்ப் பையன்தான்.

அந்த இன்ஷூரன்ஸ் கம்பெனியில் ஹெலன் என்றொரு அம்மாள் மேலதிகாரி. வேலையில் ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் இரண்டு பக்கத்து ஆட்களும் போனில் உட்கார்ந்து திரும்பிப் பார்க்க வேண்டும் என்பது அவள் போட்ட நிபந்தனை. எது நன்றாக நடந்தது, எது கெட்டது, அடுத்த முறை என்ன செய்யலாம் என்று எல்லோரும் வாய் திறந்து சொல்ல வேண்டும். யாரும் யாரையும் குற்றம் சொல்லக் கூடாது. நல்ல ஏற்பாடு. எனக்கு மிகவும் பிடித்திருந்தது. இங்கே காலை ஏழு மணி, அங்கே முந்தின நாள் இரவு. இந்தக் கூட்டத்தை நடத்துவது என் பொறுப்பு.

ஆனால் நம் ஆட்கள் பேசமாட்டார்கள். அங்கிருந்து கேள்வி வரும். இங்கே ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். குறை சொன்னால் எம்.டி. கருணாகரன் காதுக்குப் போகாதா, இங்கிலீஷில் தப்பு வந்தால் என்ன ஆவது, நமக்கேன் வம்பு. போனை வைத்த மறு நிமிடம் கீழே டீக்கடையில் எல்லோருக்கும் வாய் முளைத்துவிடும். ஹெலன் கேட்க விரும்பிய அத்தனை விஷயத்தையும் அந்த டீக்கடைக்காரர்தான் கேட்டார். ஜஹனாரா மாதிரிக் கெட்டிக்காரப் பெண்கூட "எஸ்" என்பதற்கு மேல் ஒரு சொல் சொன்னதில்லை.

இதற்காக நான் ஒரு வழக்கம் கொண்டுவந்தேன். கேள்வி வந்ததும் போனில் இருக்கும் ஹோல்டு பொத்தானை அழுத்துவேன். அப்போது நாம் பேசுவது அவர்களுக்குக் கேட்காது. அவர்கள் பேசுவதும் நமக்குக் கேட்காது. ஒரு சின்னச் சிவப்பு விளக்கு மினுக்கும். நாங்கள் தமிழில் கலந்து பேசி, யார் என்ன சொல்வது என்று முடிவு செய்ததும் பொத்தானை எடுத்துவிடுவேன், அவர் பதில் சொல்வார். அமெரிக்காவில் இருந்தவர்களுக்கும் இது பழகிவிட்டது.

சொல்கிறவன் எப்போதும் கனகராஜ்தான். தென்காசிப் பக்கத்துப் பையன். ரங்கநாதன் தெருவில் அவன் மாமாவுக்குப் பாத்திரக்கடை, அதன் மாடியில் தங்கியிருந்தான். இங்கிலீஷ் கொஞ்சம் தடுக்கும். ஆனாலும் பேசுவான். "அந்தத் தவறு என்னுடையது, இப்படித் திருத்திவிட்டேன்" என்று கூச்சமில்லாமல் சொல்வான். எல்லோரும் அவன் மாதிரி இருந்திருந்தால் நான் எதுவும் செய்திருக்க வேண்டியதில்லை.

ஒருநாள் கருணாகரன் என்னை அவர் அறைக்குக் கூப்பிட்டார். சைதாப்பேட்டையில் பிறந்து வளர்ந்த மனிதர். கோபம் வந்தால் கோட்டு சூட்டெல்லாம் கழன்று ஊர்ப்பேச்சு வந்துவிடும்.

"இன்னா சார் நடத்திக்கினு கீற நீ? அந்தம்மா எனக்கு போன் போட்டு, உங்க ஆபீஸ்ல மனுஷங்க கீறாங்களா, இல்ல ஒரே ஒரு ஆள்தான் கீறானான்னு கேக்குது. அடுத்த கான்ட்ராக்டு இவங்க வாய் தொறக்கறதுலதான் கீது. பேச வையி. உன்னால முடியலன்னா சொல்லிடு, வேற ஆளப் பாத்துக்கறேன்."

வேறு ஆள் என்று அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். என் வயதில் அந்தச் சொல் எப்படி இருக்கும் என்று உங்களுக்கு இன்னும் தெரியாது. வீட்டில் விசாலாக்ஷியிடம் நான் சொல்லவில்லை.

அடுத்த கூட்டத்தில் நடந்தது தற்செயல். இதை நீங்கள் நம்ப வேண்டும். ஏதோ ஒரு தாமதத்தைப் பற்றி பரத்வாஜ் கேட்டான். நான் பொத்தானை அழுத்தினேன், கலந்து பேசினோம், கனகராஜ் பதில் சொல்ல ஆரம்பித்தான். நான் பொத்தானை எடுக்க மறந்துவிட்டேன். அவன் அழகாக, விவரமாகச் சொல்லி முடித்தான். விளக்கு மினுக்குவதைப் பார்த்ததும் யாருக்கும் தெரியாமல் எடுத்துவிட்டேன். பரத்வாஜின் குரல் எரிச்சலோடு வந்தது. "ஆக, ஒருத்தர்கிட்டயும் பதில் இல்லை. அப்படித்தானே?"

அவனைக் குற்றம் சொல்ல முடியாது. அவன் இவ்வளவு நேரம் காத்திருந்தும் இங்கிருந்து ஒரு சத்தமும் போகவில்லை. ஆனால் இங்கே இருந்தவர்களுக்கு அது எப்படிக் கேட்டிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஒரு பையன் இவ்வளவு பொறுமையாக விளக்கியிருக்கிறான், அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் பதிலே இல்லை என்கிறான். அறையில் இருந்த எல்லோருக்கும் சுருக்கென்று தைத்தது. எப்போதும் வாயே திறக்காத முருகன், "அது எப்படி சார் நீங்கள் அப்படிச் சொல்லலாம்" என்று இங்கிலீஷில் ஆரம்பித்தான். அவன் விட்ட இடத்தில் இன்னொருவன் பிடித்துக்கொண்டான். அங்கே இருப்பவர்களுக்கும் ரோஷம் வந்தது. தாமதம் ஏன், யாருடைய முறை சரியில்லை, எதை மாற்ற வேண்டும் என்று இரண்டு பக்கமும் கொட்டித் தீர்த்தார்கள். உபயோகமான விஷயங்கள், சார். மாதக்கணக்காக டீக்கடையில் புழுங்கிக்கொண்டிருந்தவை.

ஹெலன் கருணாகரனைக் கூப்பிட்டு, இதுவரை நடந்ததிலேயே இதுதான் உருப்படியான கூட்டம் என்று சொன்னாளாம். கருணாகரன் என் தோளில் கை போட்டுக்கொண்டு ஆபீஸ் முழுக்க நடந்தார். எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. அதை மறைக்கப்போவதில்லை.

அதற்கடுத்த கூட்டத்தில் ஹோல்டை ஒழுங்காக எடுத்துவிட்டேன். கனகராஜ் பேசினான், பரத்வாஜ் நன்றி சொன்னான், மற்றவர்கள் மறுபடியும் மேசையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நம் ஆட்களுக்குக் கேள்வி கேட்டால் பேச்சு வராது. அநியாயத்தைக் கண்ணால் பார்த்தால்தான் வரும். கூட்டத்துக்குக் கூட்டம் ஓர் அநியாயம் வேண்டும். பெரிதாக வேண்டாம், சின்னதாக ஒன்று.

அதனால் கனகராஜ் பேசும்போது மட்டும் பொத்தானை எடுக்காமல் விட்டேன். எல்லா முறையும் அல்ல. அவன் சாதாரணமாக ஏதாவது சொல்லும்போது எடுத்துவிடுவேன், அங்கே கேட்கும். முக்கியமான பதில் என்றால் போகாது. விளக்கின்மேல் என் மூக்குக்கண்ணாடிக் கூட்டை வைத்துவிடுவேன். போன் என் கைக்கு அருகில்தான் இருக்கும், யாரும் கவனிக்கவில்லை. ஏன் அவனைத் தேர்ந்தெடுத்தேன் என்று கேட்கிறீர்கள். முதலில் பேசுகிறவன் அவன் ஒருவன்தானே. மற்றவர்கள் வாயைத் திறந்தால்தானே அவர்கள் பேச்சை நிறுத்த முடியும்.

கூட்டங்கள் களைகட்டின. பரத்வாஜ் தரப்பில், கனகராஜ் மழுப்புகிறான், கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் ஒளிகிறான் என்று பேச்சு. நம் தரப்பில், அமெரிக்கா போனதும் பரத்வாஜுக்குத் தலைக்கனம் வந்துவிட்டது என்று பேச்சு. இரண்டு பக்கமும் சூடாக இருந்தது. போன் கட்டணம் ஜாஸ்தி என்பதால் கூட்டத்துக்கு வெளியே யாரும் அங்கே பேசுவதில்லை. அங்கே போகும் ஈமெயில் எல்லாம் என் மேசையைத் தாண்டித்தான் போகும். கனகராஜ் ஒருமுறை பரத்வாஜுக்கு விளக்கமாக எழுதிக்கொண்டு வந்தான். வாயால் சொல்லிவிட்டதை எழுத்திலும் அனுப்பினால் சண்டைக்குப் போவது போல இருக்கும் என்று எடுத்துச் சொன்னேன். "நீங்க சொன்னா சரிதான் சார்" என்று திரும்பிப் போய்விட்டான்.

அவனை நான் கைவிட்டேன் என்று நினைக்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுக்கு வரச் சொன்னேன். "என் இங்கிலீஷ் அவ்வளவு மோசமாவா சார் இருக்கு? நான் சொல்லுதது அவங்களுக்கு ஏறவே மாட்டேங்கு" என்று ரொம்பவும் குன்றிப்போய்க் கேட்டான். "மெதுவா, நிறுத்தி நிறுத்திச் சொல்லு. எதையும் விடாதே, எல்லா விவரமும் சொல்லு" என்று பழக்கினேன். உண்மையிலேயே அவன் பேச்சு சீரானது. அவன் நீளமாகப் பேசப் பேச அங்கே மௌனமும் நீளமானது என்பது வேறு விஷயம். விசாலாக்ஷிக்கு அவனை ரொம்பப் பிடித்துவிட்டது. "பாவம், என்ன பவ்யமா பேசறது அந்தப் பிள்ளை. ஏன்னா, இவனை நீங்களே சொல்லி அமெரிக்காவுக்கு அனுப்பி வையுங்கோளேன்" என்றாள்.

அமெரிக்காவுக்கு அடுத்துப் போக வேண்டியவன் அவன்தான். அதை நம்பித்தான் அவனுக்குப் பெண் பார்த்து முடித்திருந்தார்கள். அவன் அம்மா இசக்கியம்மாள் கல்யாணப் பட்டு எடுக்க ஊரிலிருந்து வந்தவள், ஒரு தட்டில் வெற்றிலை பாக்கோடு பத்திரிகை வைத்துக்கொண்டு ஆபீஸுக்கே வந்துவிட்டாள்.

"எம் மவன் ஒங்களப் பத்தியேதான் சொல்லிட்டு இருப்பான் சார். நீங்க ஒரு வார்த்த சொன்னா அமெரிக்காக்காரங்க கேப்பாங்களாம்லா. பொண்ணு வீட்ல, மாப்ள எப்பம் கெளம்புதாவன்னு கேட்டுக்கிட்டே இருக்காவ. கொஞ்சம் பாத்துச் செய்ங்க."

செய்கிறேன் என்றேன். பத்திரிகையை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு வந்த கூட்டத்தில் கனகராஜ் ஒரு விஷயம் சொன்னான். தான் முதலில் அனுப்பிய பிரீமியம் புரோகிராமில் ஒரு பிழை இருப்பதைத் தானே கண்டுபிடித்துவிட்டதாகவும், திருத்திய பிரதியை அனுப்பிவிட்டதாகவும், பழையதை மட்டும் ஏற்றிவிட வேண்டாம் என்றும் சொன்னான். நான் பழக்கியபடி நிறுத்தி, நிதானமாக, இரண்டு தடவை சொன்னான். அது முக்கியமான பதில் என்று எனக்குப் பட்டது. பொத்தான் அழுந்தியே இருந்தது. அங்கே கேட்டிருக்கும் என்று நினைத்து மற்றவர்கள் அதை மறுபடி சொல்லவில்லை.

கம்ப்யூட்டரைப் பற்றி எனக்குத் தெரியாது என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். அது எவ்வளவு முக்கியம் என்று எனக்கு எப்படித் தெரியும்?

அவர்கள் பழையதைத்தான் ஏற்றினார்கள். ஒழுங்காகப் பணம் கட்டிக்கொண்டிருந்த ஆயிரக்கணக்கான பேருக்கு, உங்கள் பாலிசி காலாவதியாகிவிட்டது என்று தபால் போய்விட்டது. ஹெலனுக்கு மேலே இருந்தவர்கள் கத்தினார்கள், ஹெலன் கருணாகரனிடம் கத்தினாள். அவசரமாகத் திரும்பிப் பார்க்கும் கூட்டம் ஒன்று கூட்டச் சொன்னார்கள். கருணாகரன் முன்னாலேயே தீர்ப்பு சொல்லிவிட்டார். "அந்தப் பையன் கத முடிஞ்சுது சார். அமெரிக்காவும் கெடயாது, இங்க வேலயும் கெடயாது." கனகராஜ் காதில் விழும்படியே சொன்னார்.

அன்று காலை அவன் சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டையோடு வந்திருந்தான். முகத்தில் கலவரம் இல்லை. நடந்ததைச் சொன்னால் சரியாகிவிடும் என்று நம்பினான். விசிறியை அணைத்தேன். அவனுக்கு வியர்த்தது.

பரத்வாஜ் கேட்டான், "கனகராஜ், இது எப்படி நடந்தது?" நான் பொத்தானை அழுத்தினேன். வழக்கப்படி கலந்து பேச எதுவும் இல்லை. கனகராஜ் நேராக ஆரம்பித்துவிட்டான். போன கூட்டத்திலேயே சொன்னேன், பழையதை ஏற்ற வேண்டாம் என்று சொன்னேன், இந்த அறையில் எல்லோரும் கேட்டார்கள், நீங்கள் கேட்கவில்லையா என்று இங்கிலீஷில், ஒரு தடுமாற்றமும் இல்லாமல் கேட்டான். அவ்வளவு நன்றாக அவன் அதுவரை பேசியதில்லை.

அதை அங்கே கேட்டிருந்தால், எங்கள் காதில் விழவே இல்லையே என்பார்கள். ஏன் விழவில்லை என்று பேச்சு வரும். அப்புறம் எல்லோர் கண்ணும் போன் பக்கம் திரும்பும். இதை நினைத்துத்தான் நான் பொத்தானை எடுக்கவில்லை என்று ஜஹனாரா சொல்லியிருப்பாள். அப்படி இல்லை. கூட்டம் கெட்டுவிடக் கூடாது என்றுதான் நினைத்தேன்.

அவன் காத்திருந்தான். போனிலிருந்து ஒரு சத்தமும் இல்லை. பிறகு இங்கிலீஷை விட்டுவிட்டான்.

"பரத்வாஜ் சார், கேக்கா? எனக்கு அடுத்த மாசம் கல்யாணம் சார். நான் பொய் சொல்லல. ஏதாவது ஒரு வார்த்த சொல்லுங்க. திட்டவாவது செய்ங்க சார்."

கனகராஜ் என்னைப் பார்த்தான். நான் தலையை மெல்ல அசைத்தேன், என்ன செய்வது, கல்நெஞ்சக்காரர்கள் என்பது போல. அவன் நாற்காலியைச் சத்தமில்லாமல் பின்னுக்குத் தள்ளி எழுந்தான். "சரி சார். நான் வாரேன்" என்று என்னிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போனான்.

உடனே எல்லோரும் வெடித்தார்கள். "இவனெல்லாம் மனுஷனா?" என்றான் முருகன். ஜஹனாரா, அந்த ஊமைப்பெண், மேசைமேல் எக்கி, பரத்வாஜை நேருக்கு நேர் கேட்டுவிடுவதென்று போனைத் தன் பக்கம் இழுத்தாள். கண்ணாடிக்கூடு கீழே விழுந்தது. சிவப்பு விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது. அவள் விளக்கைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு மாடிப்படியில் இறங்கி ஓடினாள். அவன் மொபெட் அதற்குள் அண்ணா சாலையில் கலந்துவிட்டதாம்.

நான் பொத்தானை எடுத்தேன். பரத்வாஜ் தமிழில் பேசிக்கொண்டிருந்தான். "கனகராஜ், லைன்ல இருக்கியாப்பா? தப்பு இங்கதான். பழைய காப்பியை ஏத்தினது எங்க ஆளுதான்னு இப்பதான் தெரிஞ்சுது. புதுசும் வந்திருக்கு. ஹெலன் உன்கிட்ட சாரி சொல்லணும்கறா. நீ ஏன் எப்பவும் பேசவே மாட்டேங்கறே? ஒண்ணே ஒண்ணு சொல்லு."

அப்போது நான் சொன்ன பதில் ஜஹனாராவுக்குத் தெரியாது, அவள் கீழே இருந்தாள். அதனால் உங்களுக்கும் தெரிந்திருக்காது. நானாகச் சொல்கிறேன். "அவன் எழுந்து போய்விட்டான். உங்களோடு பேச அவனுக்கு விருப்பமில்லையாம்" என்றேன்.

முருகன் என்னையே பார்த்தான். ஆனால் அதற்குள் அமெரிக்காவில் ஆளாளுக்குப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். இங்கேயும்தான். யாருக்கும் ஒத்திகை தேவைப்படவில்லை, யாரையும் நான் தூண்டவில்லை. கூட்டம் முடிந்ததும், கருணாகரனிடம் சொல்லி மாலைக்குள் அவனுக்கு ஆள் அனுப்பலாம் என்றுதான் இருந்தேன். அவசரமாகத் தெரியவில்லை. பாலவாக்கத்தில் கடற்கரைப் பக்கம் அவன் மொபெட் பூட்டி நிறுத்தியிருந்தது என்றும், கரை ஒதுங்கிய அவன் உடலை மீனவர்கள் மறுநாள் பார்த்தார்கள் என்றும் நீங்கள் சொல்லித்தான் முழு விவரம் தெரியும். இசக்கியம்மாள் ஸ்டேஷன் வாசலில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து கும்பிட்டாள். அந்தப் பொத்தானைப் பற்றி அவளுக்கு இன்னும் யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

நான் செய்தது என்ன, சார்? ஒரு பொத்தானை அழுத்தினேன். எடுக்கவில்லை. இதற்கு எந்தச் செக்ஷன் போடுவீர்கள் என்று எனக்குத் தெரியவில்லை. எழுதும்போது ஒன்றை மட்டும் விட்டுவிடாதீர்கள். என்னிடம் கொடுத்த வேலை எல்லோரையும் பேசவைப்பது. அன்றைக்கு அந்தக் கூட்டத்தில் பேசாதவர் என்று ஒருவர்கூட இல்லை. கனகராஜும் நன்றாகத்தான் பேசினான்.

நீங்கள் ஏன் ஒன்றுமே சொல்லமாட்டேன் என்கிறீர்கள்? நான் வந்ததிலிருந்து ஒரே ஆளாகப் பேசிக்கொண்டிருக்கிறேன். விசிறியையும் நிறுத்தியாயிற்று, நான் சொல்வது உங்களுக்குக் கேட்கிறது அல்லவா? மெஹபூப் அலி சார், பேனாவைக் கீழே வைத்துவிட்டு இப்படிப் பார்த்துக்கொண்டே இருந்தால் எப்படி? ஏதாவது ஒரு வார்த்தை சொல்லுங்கள்.